எந்தப் பழனிசாமி?

எங்கள் வகுப்பில் ஐந்து பழனிசாமிகள் இருந்தோம். சூலூருக்குத் தெற்கே ஒரு கிராமத்தில், ஓட்டுக் கூரையும் வாசலில் ஒரு வேப்பமரமும் மட்டுமே சொத்தாக வைத்திருந்த பள்ளிக்கூடத்தில், முப்பத்தெட்டுப் பேர் படித்த வகுப்பில் ஐந்து என்பது அன்றைக்கு யாருக்கும் அதிகமாகப் படவில்லை. பக்கத்து வகுப்பில் ஏழு என்று கேள்வி. வாத்தியார் வருகைப் பதிவேட்டைப் பிரித்துப் 'பழனிசாமி' என்று வாயெடுத்தாலே நாலு மூலையிலிருந்தும் ஐந்து 'உள்ளேன் ஐயா' கிளம்பிவிடும். இனிஷியலை வைத்துப் பிரிக்கலாம் என்றால் எங்களில் மூவருக்கு அப்பா பெயர் ராமசாமி. வாத்தியாரும் எத்தனை நாள்தான் பொறுப்பார்? ஒருநாள் பதிவேட்டை மூடி வைத்துவிட்டு, நெட்டைப் பழனிசாமி, குட்டைப் பழனிசாமி, மாங்காய்ப் பழனிசாமி (தலைமையாசிரியர் வீட்டு மரத்தில் ஏறிப் பிடிபட்டவன்), மூக்கொழுகிப் பழனிசாமி என்று வரிசையாக ஞானஸ்நானம் செய்து வைத்தார். என்னிடம் வந்ததும் மேலும் கீழும் பார்த்தார். எடுத்துச்சொல்ல ஒன்றும் அகப்படவில்லை போலிருக்கிறது. 'நீ சும்மா பழனிசாமி' என்றார்.

அந்தச் 'சும்மா'வைக் கழற்றி எறிய நான் எடுத்துக்கொண்ட பிரயத்தனங்களைப் பிறகு சொல்கிறேன்.

ஊருக்குள் இந்தத் தொல்லை கிடையாது. எங்கள் பக்கத்தில் அன்று பேர் என்பது சாமிக்குத் தீர்க்கும் பாக்கி. நாலைந்து வருஷம் குழந்தையில்லாமல் இருந்து, தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போய், பிறந்தால் உன் பேரே வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டு வந்த தம்பதிகள் தெருவுக்கு மூன்று பேராவது இருந்தார்கள். பேர் அப்படி முருகன் கணக்கில் போய்விட்டதால், ஆளை அடையாளம் காட்டும் வேலையைத் தோட்டங்கள் பார்த்துக்கொண்டன. மேக்காலத் தோட்டத்துப் பழனிசாமி, குழிக்காட்டுப் பழனிசாமி, ரைஸ்மில் பழனிசாமி, மிலிட்டரிப் பழனிசாமி. பட்டாளத்துக்குப் போய் ஆறே மாதத்தில் ஓடிவந்தவருக்கும் சாகிறவரை அந்த மிலிட்டரி போகவில்லை. நாங்கள் பள்ளத்துத் தோட்டம். அப்பாரு காலத்திலேயே அந்தப் பள்ளத்தை மண் கொட்டி மேடாக்கியாகிவிட்டது. இருந்தும் நான் பள்ளத்துத் தோட்டத்துப் பழனிசாமிதான்.

பேரைச் சொன்னாலே எந்த மலையடிவாரம் என்று கண்டுகொள்கிற காலம் அது. மருதாசலம் என்றால் மருதமலைப் பக்கம், வெள்ளிங்கிரி என்றால் பூண்டி, சென்னியப்பன் என்றால் சென்னிமலை, மகுடேஸ்வரன் என்றால் கொடுமுடி, அர்த்தநாரி என்றால் திருச்செங்கோடு. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பேரைச் சொன்னவுடன் இறங்கப்போகும் ஊரையும் ஊகித்துவிடலாம். பழனிசாமிக்கு மட்டும் அப்படி எல்லை கட்ட முடியாது. தாராபுரத்திலும் உண்டு, பவானியிலும் உண்டு, காவிரி தாண்டி எடப்பாடியிலும் உண்டு. எடப்பாடிக்காரர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தைப்பூசம் முடிந்த பிறகு காவடியோடு போய்ப் பழனி மலைமேலேயே ஓர் இரவு தங்கிக்கொள்ளும் பாத்தியதை அந்த ஊர்ப் பருவதராஜகுலத்தாருக்கு உண்டு. அப்பேர்ப்பட்ட வட்டாரத்திலிருந்து ஒருவர் முதலமைச்சராக வந்தால் அவர் பேர் வேறு என்னவாக இருக்கும்?

அதற்கு முன்னால் பழைய பழனிசாமிகள் சிலரைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் அப்பா மரியாதையோடு உச்சரித்த ஒரே பழனிசாமி, வி.கே. பழனிசாமிக் கவுண்டர். மேற்கே ஓடி வீணாகும் தண்ணீரைத் திருப்பிப் பொள்ளாச்சிச் சீமைக்கும் கிழக்கே கிடந்த காய்ந்த காடுகளுக்கும் கொண்டுவர வேண்டும் என்று விடாமல் பேசி, பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்துக்கு வழிபோட்டவர்களில் ஒருவர். வாய்க்காலில் முதல் தண்ணீர் வந்த நாளைப் பற்றிப் பேச்செடுத்தால் அப்பா, 'உன்ற பேருக்காரர்தாண்டா' என்று என் முதுகில் ஒன்று வைப்பார். அந்த அடியில் பெருமையும் இருந்தது, 'நீயும் இருக்கிறாயே' என்ற வருத்தமும் இருந்தது.

எனக்கோ அந்தப் பழனிசாமி மீது கண் போகவில்லை. எங்கள் ஊரிலிருந்து சைக்கிள் மிதித்தால் எட்டிவிடுகிற காசிகவுண்டன்புதூரில் 1941-ல் பிறந்து, ஓவியம் படிக்கச் சென்னைக்குப் போய், 1965-ல் 'காக்கும் கரங்கள்' படத்தில் திரைக்கு வந்த ஒரு பழனிசாமி இருந்தார். திரையில் அவர் பேர் சிவகுமார். சூலூர் கொட்டகையில் அவர் படம் வந்தால் ஊரே போகும். திரும்பும்போது, 'பழனிசாமின்னே வெச்சிருந்தா போஸ்டர்ல பாக்க நல்லாவா இருக்கும்' என்று என் சோட்டுக்காரர்கள் என்னையே பார்த்துக் கேட்பார்கள். பல வருஷம் கழித்து அவர் மூத்த மகன் சரவணன் நடிக்க வந்தபோது, அந்தப் பேரில் ஏற்கனவே ஒரு நடிகர் இருக்கிறார் என்று சூர்யா ஆக்கினார்கள். 1997-ல் 'நேருக்கு நேர்' வந்தது. தகப்பனும் முருகன் பேர், மகனும் முருகன் பேர், இரண்டும் கோடம்பாக்கத்து எல்லையில் கழன்று விழுந்தன. உடுமலைப்பேட்டை வல்லக்குண்டாபுரத்தில் பிறந்த இன்னொரு முருகன் பேருக்கும் அதே கதிதான். சுப்பிரமணியம் என்று பேர் வைத்த பெற்றோர், பின்னாளில் தமிழ்நாடே அவரைக் கவுண்டமணி என்று கூப்பிடும் என்று நினைத்திருப்பார்களா?

அந்தச் சுப்பிரமணியத்தை நினைக்கும்போது இந்தச் சுப்பிரமணியத்தையும் நினைக்காமல் இருக்க முடிவதில்லை. பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் செங்குட்டைப்பாளையத்தில் 1910-ல் பிறந்த சி. சுப்பிரமணியம், மத்திய உணவு வேளாண் அமைச்சராக இருந்து, 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைக் கோதுமை விதையைத் தருவித்து, பசுமைப் புரட்சிக்குக் கால் நட்டவர். 1998-ல் பாரத ரத்னா. ஒரு சுப்பிரமணியம் நாட்டுக்குச் சோறு போட்டார், இன்னொரு சுப்பிரமணியம் அந்தச் சோற்றைத் தின்றுவிட்டு உட்கார்ந்திருந்தவர்களைச் சிரிக்கவைத்தார். இருவரையும் யாரும் குழப்பிக்கொண்டதில்லை, ஏனென்றால் ஒருவர் 'சி.எஸ்.' ஆகிவிட்டார், மற்றவர் பேரே வேறாகிவிட்டது. எங்கள் ஊர்ச் சுப்பிரமணிகள் பதினோரு பேர் மட்டும் பேருக்கு வாரிசாக மிச்சம் நின்றார்கள்.

ஒரே பேர் எத்தனை ஆபத்தானது என்பதை நான் கற்றுக்கொண்டது எட்டாம் வகுப்புச் சரித்திரப் பரீட்சையில். பெற்ற அப்பனே ராமசாமியாக இருந்தும் எனக்கு ராமசாமிகளைப் பிரித்துப்பார்க்கத் தெரியவில்லை. ஈரோட்டு ராமசாமி பெரியார். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் சென்னை மாகாணப் பிரதமர். சர் சி.பி. ராமசாமி ஐயர் திருவிதாங்கூர் திவான். கோவை மில் தொழிலாளிகளுக்காக அடிபட்டு இளவயதிலேயே போய்ச்சேர்ந்த என்.ஜி. ராமசாமி எங்கள் ஊருக்கே பக்கம். கேள்வித்தாளில் வைக்கம் போராட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். 1924-ல் அங்கே போய்ச் சிறையிருந்தவர் பெரியார். நான் சர் சி.பி.யை அனுப்பி வைத்துவிட்டேன். பின்னாளில் அதே சமஸ்தானத்துக்குத் திவானாகப் போனவரை அதே சமஸ்தானத்துச் சிறைக்குள் தள்ளிய பெருமை இந்தியாவிலேயே எனக்கு மட்டும்தான் இருக்கும். வாத்தியார் பிரம்பை எடுத்தார். 'எந்த ராமசாமிடா? சொல்லு, எந்த ராமசாமி?' ஒவ்வொரு 'எந்த'வுக்கும் ஒன்று. மூன்றாவதில் வலி தாங்காமல், 'எங்கப்பாருங்க ஐயா' என்றேன். அதற்கும் ஒன்று விழுந்தது.

கோவைக்குக் கல்லூரிக்கு வந்ததும் 'சும்மா'வைத் தொலைக்க வழி கிடைத்தது. அது எழுபதுகளின் நடு. 1971-ல் கோவையில் தொடங்கிய 'வானம்பாடி' இதழின் சத்தம் இன்னும் அடங்கவில்லை; தேநீர்க் கடைகளில் எல்லாரும் எதையாவது எரித்துக்கொண்டும் எதையாவது விடியவைத்துக்கொண்டும் இருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் சொந்தப் பேரோடு இருந்தவர்களைக் காண்பது அரிது. உடுமலைப் பக்கத்து ஜெகந்நாதன் புவியரசு ஆகியிருந்தார், சென்னிமலை ஜெகதீசன் தமிழன்பன் ஆகியிருந்தார், பாலசுப்பிரமணியத்துக்கு முன்னால் ஒரு சிற்பி வந்து உட்கார்ந்திருந்தார். எல்லாரும் பயத்தோடு மரியாதை வைத்திருந்த விமர்சகர் ஞானி யார் என்று விசாரித்தால், சோமனூர்க்காரர், தமிழாசிரியர், பேர் கி. பழனிச்சாமி என்றார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒரு பழனிசாமி சிவகுமாராகலாம், இன்னொரு பழனிசாமி ஞானியாகலாம் என்றால் நான் ஏன் சும்மா இருக்க வேண்டும்?

பிற்பாடு நடந்ததுதான் வேடிக்கை. சென்னையில் சங்கரன் என்றொரு பத்திரிகையாளர் ஞாநி ஆனார். அவர் 'நி', இவர் 'னி'. அந்த ஓர் எழுத்து வித்தியாசம் அச்சுக் கோப்பவருக்கும் மேடையில் அறிவிப்பவருக்கும் போதவில்லை. பழனிச்சாமிகளின் நெரிசலிலிருந்து தப்பித்துப் போனவர் கடைசியில் கோவை ஞானி என்று ஊரைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. குழிக்காட்டுப் பழனிசாமிக்கும் கோவை ஞானிக்கும் இலக்கணத்தில் ஏதாவது வித்தியாசம் உண்டா, சொல்லுங்கள். பெரியசாமித் தூரன் இன்னும் விவரமானவர். பெரியசாமிகள் ஊருக்கு ஒரு வண்டி இருப்பார்கள் என்று தெரிந்தே, தம் கூட்டத்துப் பேரான தூரனை முன்கூட்டியே சேர்த்துக்கொண்டுவிட்டார். பத்துத் தொகுதி கலைக்களஞ்சியத்துக்கு ஆசிரியராக இருந்தவருக்கு, பதிவுகளைக் குழப்பமில்லாமல் அடுக்கத் தெரியாமலா போகும்?

எனக்கு நான் வைத்துக்கொண்ட பேர் இளநிலவன். சிரிக்காதீர்கள், உங்களில் ஐம்பது வயது தாண்டியவர்களில் பாதிப் பேரிடம் இப்படி ஒரு பேர் பழைய நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருக்கும், மனைவிக்குத் தெரியாமல். அந்தப் பேரில் மூன்று கவிதை எழுதி ஒரு சிற்றிதழுக்கு அனுப்பிவிட்டு, கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். முகவரியில் ஊர் மட்டும் நிஜம், தோட்டத்துப் பேரைப் போடவில்லை. கவிஞனுக்குப் பள்ளம் எதற்கு என்று.

இந்த இடத்தில் எங்கள் தபால்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெறும் 'பழனிசாமி' என்று மட்டும் போட்டு வந்த கடிதம்கூட அவர் கையில் தவறியதில்லை. கையெழுத்தைப் பார்ப்பார், அனுப்பியவர் ஊரைப் பார்ப்பார், அந்த ஊரில் இந்த ஊர்ப் பழனிசாமிகளில் யாருக்குச் சம்பந்தி இருக்கிறார் என்று யோசிப்பார், கொடுத்துவிடுவார். எப்போதாவது தப்பினாலும் கடிதம் வீணாகாது. பின்னாளில் 1979-ல் எனக்கு வேலை நேர்காணலுக்கு வந்த கடிதம் ரைஸ்மில் பழனிசாமி வீட்டுக்குப் போய்விட்டது. அவர் உடைத்துப் படித்து, மில்லில் நெல் அரைக்க வந்தவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டி, சாயங்காலம் அவரே சைக்கிளில் எடுத்துக்கொண்டு எங்கள் சாளைக்கு வந்தார். 'இந்தா கண்ணு, உனக்கு வேலை வந்துருச்சு, நானே பாத்துட்டேன்' என்று நீட்டிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். அம்மா காப்பி போட்டாள். அவர் கேரியரில் ஒரு கட்டு முருங்கைக்காயும் இருந்தது. அந்தச் செய்தி எனக்குத் தெரிவதற்கு முன்பே ஊரில் அறுபது பேருக்குத் தெரிந்திருந்தது என்பதை அன்று பெரிய அநியாயமாக நினைத்து இரவெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். இன்று என் கைபேசிக்கு வரும் எந்தச் செய்தியோடும் முருங்கைக்காய் வருவதில்லை.

சரி, இளநிலவனுக்கு வருவோம். மே மாதத்து ஒரு காலை, டீக்கடை பெஞ்சில் அப்பாவும் ஊர்ப் பெரியவர்கள் நாலைந்து பேரும் உட்கார்ந்திருக்க, நான் தூணோரம் நின்றுகொண்டிருந்தேன். தபால்காரர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு, பையிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்துக் கண்ணாடிக்கு நேராகப் பிடித்தார். 'கவிஞர் இளநிலவன்னு போட்டிருக்குது. நம்மூர்ல யாருங்க அது?' பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மேக்காலத் தோட்டத்தார், 'வண்ணான்துறைக்கிட்டக் கூத்துக்காரங்க வந்து எறங்கியிருக்காங்களே, அவுங்கள்ல எவனாச்சும் இருக்கும்' என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். தபால்காரர் கடைசியாக என் பக்கம் திரும்பினார். 'காலேசுல படிக்கிறவரு, உனக்குத் தெரியுமா சாமி?'

'தெரியலீங்' என்றேன்.

சாயங்காலம் யாரும் இல்லாதபோது தபாலாபீசுக்குப் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அதற்குள் 'இப்பெயரில் யாரும் இல்லை' என்று எழுதி மத்தியானப் பையிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். நேர்மையான மனிதர், எழுதியதும் உண்மைதானே. கவிதைகள் பிடித்திருக்கின்றன, இன்னும் இரண்டு அனுப்புங்கள் என்று அதில் இருந்ததாக அடுத்த வருஷம் ஒரு கூட்டத்தில் அந்த இதழ்க்காரரைப் பார்த்தபோது சொன்னார். அதற்குள் இதழ் நின்றிருந்தது. நானும் நின்றுவிட்டேன். தமிழுக்கு அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை என்று அந்த நோட்டுப் புத்தகத்தை இப்போது புரட்டிப் பார்த்தால் தோன்றுகிறது.

பேர்கள் அரசியலுக்குப் போனால் வேறு விதமான விளையாட்டு. கே.சி. பழனிசாமி என்று இனிஷியல் இரண்டும் அச்சாகப் பொருந்திய இரண்டு பேரைக் கொங்குநாடு மக்களவைக்கு அனுப்பியிருக்கிறது: அ.தி.மு.க.விலிருந்து ஒருவரை 1989-ல் திருச்செங்கோடும், தி.மு.க.விலிருந்து ஒருவரை 2004-ல் கரூரும். செய்தித்தாளில் கே.சி. பழனிசாமி அறிக்கை என்று பார்த்தால், எந்தக் கட்சியைத் திட்டியிருக்கிறார் என்று படித்த பிறகுதான் எவர் என்று தெரியும். ராதாகிருஷ்ணன்கள் இன்னும் ஒரு படி மேலே போய் ஒரே கட்சியில் இருந்தார்கள். 1999-ல் பா.ஜ.க.வுக்குக் கோவையிலிருந்து ஒரு ராதாகிருஷ்ணன், நாகர்கோவிலிலிருந்து ஒரு ராதாகிருஷ்ணன். பின்னர் இருவருமே மாநிலத் தலைவர்களாகவும் இருந்தார்கள். தொண்டர்கள் ஒருவரை சி.பி.ஆர். என்றும் மற்றவரைப் பொன்னார் என்றும் பிரித்துக்கொண்டார்கள், எங்கள் வாத்தியாரைப் போலவே.

சி.பி.ஆர். கதையில் ஒரு நயம் உண்டு. 1957-ல் திருப்பூரில் பிறந்த பிள்ளைக்கு, ஆசிரியராக இருந்து உயர்ந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் நினைவாகவே அந்தப் பேரை வைத்ததாக, தாமும் ஆசிரியையாக இருந்த அவர் தாயார் 2025-ல் செய்தியாளர்களிடம் சொன்னார். அன்றைக்கு ராதாகிருஷ்ணன் ஜனாதிபதி என்பது அந்த அம்மாவின் ஞாபகம். ஆனால் ஜனாதிபதி ஆனது 1962-ல்தான். பிள்ளை பிறந்தபோது அவர் வகித்தது குடியரசுத் துணைத் தலைவர் பதவி, நாட்டுக்கே முதல் துணைத் தலைவர். 2025 செப்டம்பர் 12-ல் திருப்பூர்ப் பிள்ளை பதவியேற்றதும் துல்லியமாக அதே நாற்காலிக்குத்தான். அம்மாவின் ஞாபகம் பிசகியிருக்கலாம், பேர் பிசகவில்லை. அந்தச் செய்தியைப் படித்த அன்று என் மனைவி, 'உங்களுக்கும் பெரியவங்க யோசிச்சுத்தான் வெச்சிருப்பாங்க' என்றாள். எங்கள் வீட்டில் யோசித்ததாகத் தகவல் இல்லை. பழனிக்குப் போகிற வழியில் எனக்குப் பால் கொடுக்க உட்கார்ந்த இடத்தில் முடிவானது என்று அப்பத்தா சொல்லியிருக்கிறாள்.

வாக்குச்சீட்டுக் காலத்தில் பேர்க் குழப்பம் தேர்தலுக்கு உப்பு மாதிரி. ஈரோட்டுக்குப் பக்கத்து மொடக்குறிச்சியில் 1996 சட்டமன்றத் தேர்தலில், எங்கள் கோரிக்கை யார் காதிலும் விழவில்லை என்று விவசாயிகள் திரள்திரளாக மனுப்போட, 1,033 வேட்பாளர்கள் ஆகிவிட்டது. தேர்தலையே தள்ளிவைத்து, வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடித்தார்கள். கடைசியில் தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் ஜெயித்தார். என் சின்னம்மா அங்கேதான் வாக்குப்போட்டாள். 'பொரட்டறேன் பொரட்டறேன், பாதிப் பேரு பழனிசாமி, மீதிப் பேரு சுப்பரமணி. ரேசன் கடை நோட்டாட்ட இருந்துச்சு' என்றாள். கணக்கு அவளுடையது. அதே வருஷம் சட்டமன்ற வேட்பாளருக்கு டெபாசிட்டை 250 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கிவிட்டார்கள். பிறகு 2015 மே முதல், ஒரே பேர்க்காரர்களால் வாக்காளர் குழம்பக் கூடாதென்று இயந்திரத்தில் வேட்பாளர் படத்தையும் ஒட்டினார்கள். அதனால் குழப்பம் ஒழிந்ததா என்றால், 2024-ல் ராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றபோது அவருக்கு எதிரே இன்னும் ஐந்து ஓ. பன்னீர்செல்வங்கள் நின்றார்கள். எங்கள் ஐந்தாம் வகுப்பை விட ஒன்று கூடுதல்.

2017 பிப்ரவரி 16 அன்று எடப்பாடி கே. பழனிசாமி முதலமைச்சராகப் பதவியேற்றார். அந்த ஒரு வாரம் தமிழ்நாட்டுப் பழனிசாமிகள் அனைவரும் நெஞ்சை நிமிர்த்தி நடந்தோம், கட்சி பேதமில்லாமல். பேரைச் சொன்னதும் மளிகைக் கடைக்காரர் முதல்முறையாக நாற்காலி போட்டார். ஆனால் சீக்கிரமே தொலைக்காட்சிக்காரர்கள் அவரை 'எடப்பாடி' ஆக்கினார்கள், கட்சிக்காரர்கள் 'எடப்பாடியார்' ஆக்கினார்கள், செய்தித்தாள்கள் 'இ.பி.எஸ்.' என்று சுருக்கின. பழனிசாமி மறுபடியும் எங்களிடமே வந்து சேர்ந்தது. கோட்டை வரைக்கும் போனாலும் ஒரு பழனிசாமியைத் தோட்டத்துப் பேரை வைத்துத்தான் கூப்பிடுவார்கள் என்பதில் எனக்கு ஓர் அற்ப திருப்தி.

இப்போது யாரும் பழனிசாமி என்று பேர் வைப்பதில்லை. என் பேரன் பிறந்தபோது மகனும் மருமகளும் எண்கணிதக்காரரிடம் போய், பிறந்த நட்சத்திரத்துக்கு எழுத்து வாங்கி, உலகத்தில் வேறு யாருக்கும் இருக்கக் கூடாது என்று கைபேசியில் மூன்று வாரம் தேடி, 'விஹான்' என்று வைத்தார்கள். முருகன் பேர் ஒன்றை நடுவிலாவது சொருகலாமா என்று கேட்டேன். 'பழனியெல்லாம் இப்ப எடுபடாதுங்க மாமா' என்றாள் மருமகள், மரியாதையாகத்தான். எல்.கே.ஜி.யில் சேர்த்த முதல் நாள் கூப்பிடப் போனேன். கேட்டருகே நின்று ஆயாம்மா 'விஹான்!' என்று குரல் கொடுத்தார். மூன்று குழந்தைகள் ஓடிவந்தன. 'எந்த விஹானுங்க?' என்று அவர் கேட்டபோது அறுபது வருஷத்து வேப்பமர நிழல் என் தலைமேல் விழுந்தது. இப்போது அந்த வகுப்பில் விஹான் ஏ, விஹான் பி, விஹான் சி. என் பேரன் பி. எங்கள் வாத்தியாராக இருந்தால் நெட்டை, குட்டை என்று ஆளைப் பார்த்தாவது வைத்திருப்பார்.

நான் இன்றைக்கு யார் என்பதை இயந்திரங்கள் தீர்மானிக்கின்றன. ஆங்கிலத்தில் என் பேரின் நடுவே ஒரு 'டபிள்யூ' உண்டா இல்லையா என்பது எனக்கு ஒருநாளும் கவலையாக இருந்ததில்லை. ஆதாரில் உண்டு, பான் கார்டில் இல்லை, ஓய்வூதியப் புத்தகத்தில் கடைசி எழுத்து 'ஒய்'க்குப் பதில் 'ஐ', வாக்காளர் அட்டையில் நான் பழனிச்சமி. தமிழிலாவது நிம்மதி உண்டா என்றால், ஒற்று மிகுந்து பழனிச்சாமியா மிகாமல் பழனிசாமியா என்று புலவர்களே ஒத்துப்போகவில்லை. போன வருஷம் ஒரு வங்கியில் என் கணக்கை முடக்கிவிட்டார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், வயது இருபத்தைந்து இருக்கும், 'இந்த நாலு பேரும் நீங்கதானா சார்?' என்று நிஜமாகவே சந்தேகப்பட்டுக் கேட்டார். ஒரு நோட்டரியிடம் போய், மேற்படி பழனிசாமி, பழனிஸ்வாமி, பழனிச்சாமி, பழனிச்சமி ஆகிய நால்வரும் ஒருவரே என்று முத்திரைத்தாளில் சத்தியம் செய்து கொடுத்தேன். அன்று ஐந்து பேருக்கு ஒரு பேர் இருந்தது, ஊர் பிரித்துக் காட்டியது. இன்று ஒரே ஆளுக்கு நாலு பேர், சேர்த்து வைக்க நோட்டரிக்கு ஐந்நூறு ரூபாய்.

போன மாதம் கண்புரை காட்ட ஒரு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். பெரிய கூடம், நூறு நாற்காலி, எல்லாருக்கும் சீட்டு. செவிலிப் பெண் கதவைத் திறந்து 'பழனிசாமி' என்றார். எனக்குத் தெரிந்த காலத்தில் அந்தக் கூடத்தில் பதினைந்து பேர் எழுந்திருப்பார்கள். இரண்டே பேர் எழுந்தோம். மற்றவர் வேட்டிக்காரர், என்னைவிட ஒரு பிடி உயரம், தோளில் பச்சைத் துண்டு.

'இனிஷியல் சொல்லுங்க.'

'ஆர்' என்றேன். 'ஆருங்' என்றார் அவர்.

'பிறந்த தேதி?'

'ஒண்ணு ஆறு ஐம்பத்தெட்டு' என்றேன். அவர் என்னைப் பார்த்தார். 'எனக்கும் அதேதானுங்' என்றார். பிள்ளை எப்போது பிறந்தது என்று பெற்றவர்களுக்குத் தெரியாத ஊர்களில் எல்லாத் தலைமையாசிரியர்களும் பள்ளி திறக்கும் ஜூன் ஒன்றாம் தேதியையே போட்டுவிடுவார்கள் என்பதை அந்தப் பெண்ணுக்கு எப்படி விளக்குவது? கணினியை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, 'செல் நம்பராவது சொல்லுங்க' என்றார். நான் சட்டைப் பையில் கண்ணாடியைத் தேடினேன். அவர், 'மவனக் கேக்கோணுங்' என்றார்.

பெண் பெருமூச்சு விட்டார். 'சரி, ரெண்டு பேரும் எந்த ஊருங்க?'

அவர் செஞ்சேரிமலை என்றார், நான் சூலூர் என்றேன்.

'அப்ப சூலூர் பழனிசாமி மொதல்ல உள்ள வாங்க.'